மருமகள்கள் என்ற வரியில் ஒரு பெயர்

நம் நாளிதழின் தானா ராத்தா கிளை மேசைக்கு வரப்போகும் உங்கள் இருவருக்கும்.

ஓய்வு பெறுகிறவர்கள்தான் இப்படியெல்லாம் எழுதுவார்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது, மகளுக்கு நான்கு. மலைக் குளிர் அவள் நெஞ்சுக்கு ஆகவில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஈப்போவில் அம்மா வீட்டுப் பக்கம் போய்விடுவது என்று முடிவாகிவிட்டது. முடிவு சரிதானா என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை கணவரிடம் கேட்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடித்து, சட்டை முழுக்க இலை வாசத்தோடு வருகிறவர், "இன்னைக்குச் சரிதான். நாளைக்கு மறுபடி கேளு" என்கிறார்.

ஆண்டு மலருக்கு 'பணி அனுபவங்கள்' என்று ஒரு கட்டுரை தரும்படி தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. தந்துவிட்டேன். அதில் திருவிழாச் செய்திகள், மழை நாள்கள், எனக்கு உதவியவர்களுக்கு நன்றி எல்லாம் இருக்கின்றன. இது வேறு. இது மேசை இழுப்பறையில் இருக்கட்டும். படித்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள்.

முதலில் அறையைப் பற்றி. மளிகைக் கடைக்கு மேல் மாடி, ஒரே ஜன்னல். மதியம் மூன்று மணிக்கு மேல் பனிமூட்டம் அந்த ஜன்னல் வழியாக உள்ளே வரும். மூடினால் மூச்சு முட்டும், திறந்தால் தாள் நமுத்துப்போய் அச்சு இயந்திரத்தில் சிக்கும். அதனால்தான் தாள் அலமாரிக்குள் எப்போதும் ஒரு பல்பு எரிகிறது. மின்சாரம் வீண் என்று யாராவது அணைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். சுற்றுலா வந்தவர்கள் மாடியேறி வந்து ஸ்ட்ராபெரி இருக்கிறதா என்று கேட்பார்கள். நம் பெயர்ப்பலகையை யாரும் படிப்பதில்லை. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது முட்டைக்கோஸ் வந்த காலி அட்டைப்பெட்டியில் துணி விரித்து மேசைக்கடியில் படுக்க வைத்திருக்கிறேன். அவள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே செய்தி தட்டுவேன். சத்தம் கேட்கவில்லை என்றால் குனிந்து பார்ப்பேன், கேட்டாலும் குனிந்து பார்ப்பேன். இங்கே வேலை பார்த்த ஏழு வருடத்தில் நான் நிம்மதியாக இருந்த இடம் எதுவென்று கேட்டால், அந்த மேசைதான்.

செய்தி எழுதத்தான் இங்கே வருகிறோம் என்று நினைத்துக்கொண்டு வருவீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். நம் நாளிதழில் தோட்டத்து வீடுகள் வெட்டியெடுத்துச் சட்டம் போட்டு மாட்டுவது செய்தியை அல்ல, நினைவஞ்சலியை. நெகிழித்தாளில் சுற்றிய படத்தோடு மாடியேறி வருவார்கள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார்கள். "பேப்பர்ல போடணும்மா" என்று படத்தை இரண்டு கையாலும் நீட்டுவார்கள்.

நான் சேர்ந்த முதல் வருடம் ஒரு மகள் தன் அப்பாவின் படத்தைக் கொண்டுவந்தார். பழைய கல்யாணப் படத்திலிருந்து வெட்டியது. பெரியவரின் தோளில் வளையல் போட்ட ஒரு கை மட்டும் இருந்தது. கோலாலம்பூரில் நம் பக்கங்களை வடிவமைக்கும் அண்ணனிடம் போனில் சொன்னேன்: "தோள்ல யாரோ கை வச்சிருக்காங்கண்ணே, எடுத்துடுங்க." சுவடே தெரியாமல் எடுத்துவிட்டார். மறுநாள் காலையில் அந்த மகள் நாளிதழோடு மாடியேறி வந்தார்.

"அப்பா தோள்ல இருந்த கை எங்க?"

"யாரோ கைன்னு எடுத்துட்டோம்க்கா."

"யாரோ கையா? எங்கம்மா கைம்மா அது. அவங்க ரெண்டு பேரும் சேந்து எடுத்த ஒரே படம். அம்மா முகம் இருந்த பக்கம் செல்லரிச்சுப் போச்சு. கையாவது பேப்பர்ல வரட்டும்னுதான் அதைக் கொண்டாந்தேன்."

மறு வாரம் கையோடு திரும்பப் போட்டோம். அண்ணன் அதற்காக என்னைத் திட்டவில்லை. "இனிமே எதையாவது எடுக்கணும்னா என்னைக் கேக்காத தங்காச்சி, கொண்டாந்தவங்களைக் கேளு" என்றார். அவரை நான் நேரில் பார்த்தது மூன்றே முறை. மற்றதெல்லாம் போனில்தான். பக்கம் அச்சுக்குப் போவதற்கு முன்பு நினைவஞ்சலியில் இருக்கும் பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாக வாசித்து, அதைக் கொடுத்தவரின் காதில் போட வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். "படத்தை நாடே பாக்கும். பேரை அந்த வீடு மட்டுந்தான் பாக்கும். வீடுதான் நம்மள ஏசும்" என்பார்.

இனி நான் சொல்ல வந்தது.

நமக்கு ஒரு வசதி உண்டு. முதலாண்டு நினைவஞ்சலி கொடுத்த குடும்பத்தின் கோப்பு நம் கணினியில் இருக்கும். அடுத்த ஆண்டு நாள் நெருங்கும்போது நாமே அழைத்து, போன வருஷம் மாதிரியே போட்டுவிடலாமா என்று கேட்போம். ஆமாம் என்பார்கள். 'முதலாம்' என்பதை 'இரண்டாம்' என்று மாற்றினால் வேலை முடிந்தது. ஒரு வருடத்தில் ஒரு வீட்டில் என்னென்ன நடக்கும் என்று அந்தக் கோப்புக்குத் தெரியாது.

போன வருடம் பள்ளி விடுமுறையின்போது இங்கே ஒரு தோட்டத்து அம்மாவை அழைத்தேன். பெயர்கள் வேண்டாம், ஏன் என்று போகப் போகப் புரியும். அவர் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அப்போது அவர் இறந்து இரண்டு வருடம் ஆகவிருந்தது. நான் அழைத்த நேரம் என் மகள் இருமிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் அவள் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டேன்.

"போன வருசம் மாதிரியே போட்டுடலாமாம்மா?"

"அதே மாதிரி போட்டுடும்மா. படம் மட்டும் கொஞ்சம் வெளிச்சமா இருக்கட்டும். புள்ளைக்கு என்ன, இப்படி இருமுது?"

இருமலைப் பற்றிப் பேசினோம். பெயர்களை வாசிக்கவில்லை. வாசிக்க மறந்தேன் என்று சொன்னால் பொய். ஞாபகம் வந்தது. அதே குடும்பம்தானே என்று விட்டுவிட்டேன்.

நினைவஞ்சலி வெளிவந்த காலை எட்டு மணிக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. அந்த அம்மாவின் மூத்த மகன். திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்.

"எங்கப்பா நினைவஞ்சலி போட்டது யாரு?"

"நான்தாண்ணே."

"மருமகள்கள்னு ரெண்டு பேரு போட்டிருக்கீங்க. எங்க வீட்ல இப்ப மருமக ஒருத்திதான். தம்பி பொண்டாட்டி பிரிஞ்சு போயி ஆறு மாசமாச்சு. வக்கீல் வரைக்கும் போயிருக்கு விசயம். தம்பி ஜொகூர்லேர்ந்து போன் போட்டு ஓன்னு அழுவுறான். யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபத்தில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. தம்பியின் அழுகையைக் காதில் வாங்கிக்கொண்டு பேசுகிறவர்.

"நாளைக்கே திருத்தம் வரணும். அந்தப் பேரு தவறா வந்துடுச்சுன்னு தெளிவா போடுங்க. பேரப்பிள்ளைங்க வரியில அந்தப் புள்ள பேரும் இருக்கு. அதையும் சேத்துப் போடுங்க."

"பேத்தி பேரு இருக்கலாம்தானேண்ணே?"

"ஆத்தாகாரி இல்லாம புள்ள மட்டும் எப்படி லா? ரெண்டையுந்தான்" என்று வைத்துவிட்டார்.

திருத்தம் எழுதுவது நமக்குப் பழகிய வேலை. தேதி தவறினால், கோயில் பூசை நேரம் தவறினால் ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதினேன்: 'நேற்றைய நினைவஞ்சலியில் இன்னார், இன்னார் ஆகிய இருவரின் பெயர்கள் தவறுதலாக இடம்பெற்றுவிட்டன. வருந்துகிறோம்.' எழுதியதை மறுபடி படித்தேன். ஒரு பெண்ணையும் அவளுடைய சின்ன மகளையும் பெயர் சொல்லி, நீங்கள் இந்த வீட்டில் இல்லை என்று நாடு முழுக்க அறிவிக்கும் வரி அது. விடுபட்டிருந்தால் விடுபட்டதாகவே போயிருக்கும். போட்டுவிட்டு எடுப்பது வேறு.

ஆனால் இன்னொரு பக்கமும் யோசித்தேன். தவறு செய்தால் திருத்து என்பதுதான் நமக்கு விதி. நான் இரக்கப்படுகிறேனா, அல்லது என் தவறு அச்சில் வராமல் இருக்க இரக்கத்தைச் சாக்காக வைக்கிறேனா? எனக்கே தெரியவில்லை. கோலாலம்பூர் அண்ணனை அழைத்தேன்.

"போடறதுதானே சரிண்ணே?"

"சரிதான். ரெண்டு மணிக்குப் பக்கம் போயிரும். அதுக்குள்ள சொல்லு. ஆமா, அதைக் கொடுத்தது மகனா, அம்மாவா?"

"அம்மா."

"அப்ப மகன் சொன்னா எப்படி? அம்மாவைக் கேளு."

அந்த அம்மாவின் வீட்டுப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அன்று திதி, வீட்டில் படையல். அடுப்படியில் இருப்பார். நேரில் போவதென்று கிளம்பினேன். மகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா ஊரில் இல்லை. மகளுக்குக் கம்பளிச் சட்டை, மூச்சு மருந்து, வெந்நீர்ப் புட்டி, மாற்றுத்துணி எல்லாம் எடுத்துக்கொண்டேன். திருத்தத்தை அச்செடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். காடியில் ஏறி வண்டியைக் கிளப்பிய பிறகு மருந்தை எடுத்தேனா என்று இரண்டு முறை பையைத் திறந்து பார்த்தேன்.

விடுமுறைக் கூட்டம். கியா பார்ம் கடைகளுக்கு முன்னால் காடிகள் அசையவே இல்லை. நடுச்சாலையில் நின்று சோளம் வாங்கித் தின்றார்கள். மணி பதினொன்றரை, பன்னிரண்டு என்று ஓடியது. தோட்டத்துக்குள் திரும்பி, தேயிலைக்கு நடுவே இறங்கி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துப் படிக்கட்டின் கீழே நான் காடியை நிறுத்தியபோது மணி ஒன்று.

மேலே முன்னறையில் பெரியவர் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்திருந்தது. சோறு, வடை, முறுக்கு, ஒரு குவளையில் கறுப்புக் கோப்பி. முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் நின்ற மனிதர் வீட்டில் கோப்பியைத் தவிர வேறு எதையும் குடிக்க மாட்டாராம். மூத்த மகன் வேட்டியும் வெறும் மேலுமாக நின்றார்.

"நேர்லயே வந்துட்டீங்களா? உக்காருங்க. திருத்தம் எழுதியாச்சா?"

கொடுத்தேன். படித்தார். "இது போதும். அனுப்பிருங்க."

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவங்களை எதுக்கு இழுக்குறீங்க? நல்ல நாளும் அதுவுமா."

அதற்குள் அந்த அம்மாவே அடுப்படியிலிருந்து வந்தார். கையெல்லாம் மாவு. என்னைப் பார்க்கவில்லை, என் மகளைத்தான் பார்த்தார். குனிந்து அவள் முதுகில் காதை வைத்தார். "இளுக்குது பாரு. இந்தக் காத்துல கூட்டிட்டு வந்திருக்கியே" என்று என்னைக் கடிந்துவிட்டு, உள்ளே இருந்த மூத்த மருமகளிடம் வெந்நீர் கேட்டார். நான் வந்த காரியத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து என் மகள் இலையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துவிட்டாள்.

கற்பூரம் காட்டாத படையல். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க, சின்னப் புள்ள" என்றார் மூத்த மகன். "அப்பா இருந்தா அவரே எடுத்துக் குடுத்திருப்பாரு."

காலையிலிருந்து அவர் கோபமில்லாமல் பேசிய முதல் வார்த்தை அது. அந்த நேரத்தில் அம்மாவிடம் கேட்டிருக்கலாம். நான் மகளின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கீழே ஒரு காய்கறி வேன் வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினாள். கையில் மஞ்சள் செவ்வந்திக் கட்டு, மறு கையில் சின்னப் பெண் ஒருத்தி. மூத்த மகன் முகம் மாறியதைப் பார்த்ததும் யாரென்று புரிந்தது. லெம்பா பெர்த்தாமில் தாய் வீட்டில் இருந்த இளைய மருமகள் வந்துவிட்டாள். படியேறி வாசல் வரை வந்தவள் உள்ளே வரவில்லை. என் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைப் பார்த்தாள்.

"நீங்கதான் பேப்பர்ல போடுறவங்களா அக்கா?"

"ஆமாம்மா."

"எங்கண்ணி காலையில நினைவஞ்சலியைப் படம் புடிச்சுப் போன்ல அனுப்புனாங்க. என் பேரு இருக்கு, பாப்பா பேரும் இருக்கு. இவங்க சொல்லித்தான் போட்டீங்களா, தெரியாமப் போட்டுட்டீங்களா? அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நான் செருப்பைக் கழட்டணும்."

மூத்த மகன் என்னைப் பார்த்தார். திருத்தம் இன்னும் அவர் கையில் இருந்தது. உள்ளே வடை எண்ணெயில் பொரியும் சத்தம் கேட்டது.

உண்மை எனக்குத் தெரியும். பழைய கோப்பை எடுத்தேன், பெயரை வாசிக்கவில்லை. அதைச் சொன்னால் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் படிகளில் இறங்கிப் போய்விடுவாள். பூவை என்ன செய்வாள்? பொய் சொன்னால், வேறொரு குடும்பத்து விவகாரத்தில் மூக்கை நுழைத்தவள் ஆவேன். கடைசியில் என் வாயில் வந்தது இதுதான்:

"அம்மாகிட்டக் கேட்டுத்தான் போட்டேன்."

பொய்யில்லை. கேட்டுத்தான் போட்டேன். ஆனால் சொல்லி முடித்ததும் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. என் தவறு முழுவதையும் தூக்கி அந்த அம்மா தலையில் வைத்துவிட்டேன். அவர் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் தன் மகள் முன்னால் இரண்டாவது முறை அவமானப்படுவாள்.

மூத்த மகன் திரும்பினார். "மா, நீயா சொன்ன?"

அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"ஆமா. நான்தான் சொன்னேன். எம் மருமக பேரத்தானே போடச் சொன்னேன், அடுத்த வீட்டுக்காரி பேரையா போடச் சொன்னேன்?"

"தம்பிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"தம்பி ஜொகூர்ல இருக்கான். உங்கப்பா இங்க இலைக்கு முன்னால உக்காந்திருக்காரு. கோப்பி ஆறுது. கற்பூரத்தை ஏத்து."

பிறகு வாசலைப் பார்த்து, "நீ என்ன வெளியவே நிக்கிற? புள்ளைக்குக் காத்தடிக்குது. உள்ள கொண்டா" என்றார்.

அவள் செருப்பைக் கழற்றினாள். மகளின் செருப்பையும் குனிந்து கழற்றி, இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள். செவ்வந்தியை வாங்கிப் படத்துக்கு முன்னால் வைத்தவர் மூத்த மகன்தான். தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது பற்றியது.

எனக்கு மணியைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்றரை. அந்த வீட்டுப் போனில் இதைப் பேச முடியாது, என் கைபேசிக்கு லைன் கிடைக்க மேலே வளைவு வரை போக வேண்டும். சொல்லிக்கொண்டு இறங்கினேன். அந்த அம்மா வாழையிலையில் வடை கட்டிக்கொண்டு என் பின்னால் கீழ்ப்படி வரை வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அன்னிக்கிப் போன்ல அவ பேரை நீ சொன்னியாம்மா?"

"இல்லம்மா. வாசிக்கல. என் தப்பு. மன்னிச்சிருங்க."

"அதான் பாத்தேன். எனக்கும் அவ நெனப்பே இல்ல. படத்துல வெளிச்சம் பத்தலையேன்னுதான் கவலையா இருந்துச்சு."

"அப்பறம் ஏம்மா நான்தான்னு..."

"செருப்போட வாசல்ல நிக்கிறா. கையில பூவு. அவருக்கு முடியாமப் போன கடைசி மூணு மாசம் தூக்கி உக்கார வச்சதும் துடைச்சு எடுத்ததும் அவதான். அவகிட்டப் போயி, ஒம் பேரு தெரியாம வந்துருச்சுன்னு சொல்லச் சொல்றியா?"

"திருத்தம் என்னம்மா செய்றது?"

"நீ படிச்சவ. நீயே சொல்லு."

அந்த இடத்தில் எனக்கு ஒரு பதில் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. காலையிலிருந்து அந்த வீட்டுக்காக நான் முடிவெடுத்ததெல்லாம் போதும் என்று தோன்றியது. "கொடுத்தது நீங்கம்மா. நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

அவர் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். "வேணாம். நான்தான் போடச் சொன்னேன்னே இருக்கட்டும். நீ வாயைத் தொறக்காத."

வளைவில் நின்று அழைத்தபோது இரண்டு மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது. அண்ணன் அந்த ஒரு வரிக்கு இடம் விட்டு வைத்திருந்தார். "வேண்டாம்ண்ணே, அம்மா வேண்டாம்னுட்டாங்க" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. "அப்ப அந்த இடத்துல மழை அறிவிப்பப் போட்டுடுறேன்" என்றார். வடை இன்னும் சூடாக இருந்தது. என் மகள் அதையும் என்னைக் கேட்காமல் எடுத்துத் தின்றாள்.

மறுநாள் திருத்தம் வராததைக் கண்டு மூத்த மகன் கோலாலம்பூர்த் தலைமை அலுவலகத்துக்குப் புகார் செய்தார். விளக்கப் படிவம் வந்தது. அதில் இரண்டு கேள்விகள். பெயர்கள் வாசித்துச் சரிபார்க்கப்பட்டனவா? திருத்தம் வெளியிடப்பட்டதா, இல்லையென்றால் காரணம் என்ன? வாடிக்கையாளர் சொன்னபடி போட்டேன் என்று எழுதியிருந்தால் என் மேல் ஒன்றும் வந்திருக்காது. அந்த அம்மாவே எல்லோர் முன்னாலும் அப்படித்தானே சொன்னார்? ஒரு நாள் முழுவதும் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். இரண்டாவதற்கு 'கொடுத்தவர் வேண்டாம் என்றார்' என்று எழுதினேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இதே இழுப்பறையில்தான் இருக்கிறது, பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

நான் செய்தது சரி என்று உங்களிடம் சொல்லவில்லை. வேறொரு அம்மாவாக இருந்தால், நான் எப்ப சொன்னேன் என்று கேட்டிருப்பார். அவர் காப்பாற்றியதை நான் காப்பாற்றியதாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன். அதோடு, வாயைத் திறக்காதே என்றவரின் கதையை இங்கே எழுதியும் வைக்கிறேன். இது சரியா என்று யோசித்து இரண்டு முறை கிழித்தேன். எழுதாமல் போனால் நீங்கள் தெரியாமல் அந்த வீட்டுக்குள் கால் வைப்பீர்கள். அதனால் எழுதினேன். நீங்களும் வாயைத் திறக்காதீர்கள்.

பிறகு என்ன ஆனது, சேர்ந்தார்களா என்று கேட்பீர்கள். தெரியாது. நான் விசாரிக்கவில்லை. கியா பார்ம் பக்கம் ஒருநாள் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஒரு பூக்கடையில் நின்றாள். கையசைத்தாள், நானும் அசைத்தேன். பின்னால் காடிகள் ஹாரன் அடித்தன, நிறுத்த முடியவில்லை.

அடுத்த மாதம் மூன்றாம் ஆண்டு. அந்த அம்மாவை அழைக்கப்போவது உங்களில் ஒருவர். கோப்பில் பெயர்கள் அப்படியே இருக்கின்றன, நான் எதையும் எடுக்கவில்லை, சேர்க்கவும் இல்லை. காலை பத்து மணிக்கு மேல் அழையுங்கள், அதற்கு முன் வீட்டு வேலை இருக்கும். மனைவி பெயரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வாசியுங்கள். மருமகள்கள் என்ற வரிக்கு வந்ததும் முதல் பெயரைச் சொல்லுங்கள். இரண்டாவது பெயரையும் அதே குரலில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் பேச நேரமெடுக்கலாம். லைன் போய்விட்டதோ என்று நினைத்து ஹலோ, ஹலோ என்று கூப்பிடாதீர்கள். காத்திருங்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதைப் போடுங்கள்.